பதின்மூன்று தகடுகளில் ஒரு நகரம்

நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நாலு திக்கும் தொடர்ச்சியாகத் தெரியும். கழுத்தும் கண்ணும் அநாயாசமாகச் செய்யும் இந்தக் காரியத்தைக் காமிராவிடம் வாங்குவது லேசல்ல. 1878-ஆம் வருஷம் ஸான்பிரான்ஸிஸ்கோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் அதைச் சாதித்தார். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் அந்தரத்தில் நிற்பதை அதே வருஷம் படமெடுத்துக் காட்டியவரும் இவர்தான்.

அந்நகரின் குன்று ஒன்றில் மார்க் ஹாப்கின்ஸ் என்ற ரயில்வே முதலாளியின் மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கோபுரத்தில் மைபிரிட்ஜ் தம் பெரிய காமிராவை நிறுத்தினார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவ வேண்டும். பிறகு காமிராவைச் சற்றே திருப்பி அடுத்த தகடு. இப்படிப் பதின்மூன்று. வட்டத்தில் ஒவ்வொன்றின் பங்கு ஏறக்குறைய 28 டிகிரி. சேர்த்து விரித்தால் சுமார் 17 அடி நீளம்!

இதிலுள்ள சங்கடங்களைக் கேளுங்கள். பீடம் சரிமட்டமாக இல்லாவிட்டால் தொடுவானம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். லென்ஸ் குனிந்தால் வீட்டுச் சுவர்கள் சாயும். காமிரா சுழலும் அச்சு லென்ஸின் வழியாகப் போக வேண்டும். இல்லையேல் அருகிலுள்ள புகைபோக்கி தூரத்து மலைக்கு எதிரே நகர்ந்துவிடும். ஒரு விரலை நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடினால் விரல் தாவுகிறதே, அதே விஷயந்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு கோணல் போகாது. தகடு தட்டையானது, பார்வையோ வட்டம். ஆகவே பல தகடுகளைக் கடந்து செல்லும் நேர்த்தெரு ஒவ்வொரு இணைப்பிலும் ஒடிந்துதான் தெரியும்.

ஒரே கணத்தில் கண்ட காட்சிபோல் அந்தப் படம் நம்மை மயக்குகிறது. உண்மையில் எடுத்து முடிக்கப் பல மணி நேரம் ஆயிற்று. ஒரு தகட்டின் நிழல்கள் பக்கத்துத் தகடுகளின் நிழல்களோடு ஒத்துப்போவதில்லை. அது பிந்தி எடுக்கப்பட்டதென்று சூரியனே காட்டிக்கொடுத்துவிட்டான்.

அப்படியானால் இந்தப் படத்தை நம்பலாமா?

1906 ஏப்ரல் 18-ஆம் தேதி விடியற்காலையில் பூகம்பம் வந்தது, தொடர்ந்து தீ. நகரின் பெரும்பகுதியோடு ஹாப்கின்ஸ் மாளிகையும் சாம்பலாயிற்று. மைபிரிட்ஜ் அதற்கு இரண்டு வருஷம் முன்பே இங்கிலாந்தில் காலமாகிவிட்டார். அழிந்துபோன வீடுகள் கூரை கூரையாக, ஜன்னல் ஜன்னலாக அந்த 17 அடியில் இருக்கின்றன. தெருக்கள் ஒடிந்திருக்கலாம், நிழல்கள் முரண்படலாம். ஆனால் இல்லாத வீடு ஒன்றுகூட அதில் இல்லை.