கதிரையும் ‘செயர்’ என்னும் சொல்லும்

மக்கள் நாள்தோறும் வழங்கும் சொற்களிலே வரலாறு உறைந்து கிடக்கின்றது. சாசனங்கள் கூறாத செய்தியைச் சில வேளைகளில் ஒரு வீட்டுப் பொருளின் பெயர் கூறும். செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருவழியிலே, வயல் சூழ்ந்த கரடியனாற்றில், வந்த விருந்தினருக்குக் கதிரையை இட்டு அமரச் செய்வர். தமிழகத்தார் நாற்காலி என்பதனையே ஈழத்தார் கதிரை என்கின்றனர். இச்சொல்லும் ஆங்கிலத்தில் வழங்கும் ‘செயர்’ என்னும் சொல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாம்.

கிரேக்க மொழியிலே ‘கதெட்ரா’ என்பது அமரும் இருக்கையைக் குறித்தது. உரோமர் அதனை இலத்தீனில் ஏற்றுக்கொண்டனர். இலத்தீனின் வழிவந்த மொழிகளிலே அச்சொல் வெவ்வேறு வடிவம் பெற்றது. பிரெஞ்சு மொழியில் நடு மெய் தேய்ந்து, பின் ஆங்கிலத்தை அடைந்து ‘செயர்’ ஆயிற்று. போர்த்துக்கேய மொழியிலே ‘கதெய்ரா’ ஆயிற்று. அதுவே ஈழத் தமிழரின் நாவில் கதிரை என நின்றது. ஆகவே, ‘செயர்’ என்பதற்குப் பொருள் கேட்கும் ஆசிரியருக்குக் ‘கதிரை’ என்று விடையிறுக்கும் மாணவன், தான் அறியாமலே அச்சொல்லின் உடன்பிறப்பைச் சொல்லி விடுகின்றான்.

இச்சொல் மட்டக்களப்பு வாவிக்கரையிலே வேரூன்றியமை வியப்புக்குரியது. போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை எழுப்பியது 1628ஆம் ஆண்டில். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்பட்ட ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியது 1638ஆம் ஆண்டில். பத்தாண்டுக் கோட்டை ஆட்சியால் மட்டும் ஒரு சொல் நிலைபெற்றிராது. ஒல்லாந்தர் காலத்திலும் கடற்கரைப் பட்டினங்களில் போர்த்துக்கேயம் பொதுப் பேச்சுமொழியாக வழங்கியது. மட்டக்களப்பில் வாழும் பறங்கியர் அதன் வழிவந்த கிளைமொழியை இன்றும் வீட்டு மொழியாகப் பேணி வருகின்றனர். தச்சுத்தொழில் அவர்களுக்குரிய மரபுத்தொழில்களுள் ஒன்று. மேசை, அலுமாரி, சாவி முதலாய சொற்களும் போர்த்துக்கேயம் தந்தவையே. ஆள வந்தவர் அகன்றனர். பொருளும் அதன் பெயரும் வீட்டினுள்ளே தங்கிவிட்டன.

பலர் ஒருங்கே அமரும் ‘வாங்கு’ என்பதும் ‘பாங்கோ’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபே. இத்தாலியிலே பணம் மாற்றுவோர் இட்டிருந்த பலகையின் பெயரும் அவ்வேரினதே. அதிலிருந்து பிறந்ததே வங்கி என்னும் பெயர். பள்ளிப்பிள்ளையின் வாங்கும் வணிகரின் வங்கியும் இவ்வாறு உறவாகின்றன.

ஈண்டு ஒரு மயக்கம் நீக்குதற்குரியது. கதிர்காமத்தையும் தமிழர் ‘கதிரை’ என்பர். கிழக்குக் கரை வழியே முருகன் திருத்தலத்துக்கு நடந்து செல்லும் அடியார் நாவிலுள்ள கதிரை வேறு. திண்ணையிலிடும் கதிரை வேறு. ஒலி ஒன்றாயினும் குலம் வேறு. கதிரைவேலன் என்னும் பெயர் கதிர்காம வேலனைக் குறிப்பதன்றி இருக்கையைச் சுட்டுவதன்று.

இனி, பொருள் விரிந்த முறையை நோக்குவோம். மேலைநாட்டிலே ஆசிரியர் இருந்து கற்பித்த இருக்கை, கற்பிக்கும் பதவிக்கே பெயராயிற்று. ஆயர் அமரும் ஆசனமுடைய கோயில் ‘கதீட்ரல்’ எனப்பட்டது. 2012ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானபோது புளியந்தீவு மரியன்னை கோயில் அந்நிலை பெற்றது. ஆயினும் பேராலயம் என்னும் தமிழ்ப்பெயரிலே ஆசனத்தின் சுவடு இல்லை. கூட்டத்தை நடத்துவோரும் இருக்கையின் பெயராலேயே ஆங்கிலத்தில் அழைக்கப்படுவர். இருப்புப்பாதையின் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்புத் துண்டுக்கும் அதுவே பெயர். அமெரிக்காவிலே மின்னால் உயிர் போக்கும் கொலைக் கருவிக்கும் அப்பெயரே வாய்த்தது.

இருக்கையைக் குறிக்கும் சொல் அதிகாரத்தைக் குறித்தல் மேலைநாட்டார்க்கே உரியதன்று. பண்டைத் தமிழர் அரசுகட்டில் என்றனர். இன்று கட்டில் துயிலுதற்குரியதாய்ச் சுருங்கியது. அரி என்னும் சிங்கம் சுமந்த அணை அரியணை ஆயிற்று. பலியிடும் மேடைக்குரிய பீடம், இன்று பல்கலைக்கழகத்திலே கலைப்பீடம் என நிற்கின்றது. கூட்டத் தலைவரை முன்னோர் அக்கிராசனர் என்றனர். கரடியனாறு அடங்கிய ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபையின் தலைவர் தவிசாளர் எனப்படுகின்றார். தவிசு என்பதும் இருக்கையே. 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். ஆங்கில வழக்கிலே அப்பதவியும் ஒரு ‘செயர்’. தமிழகத்தார் இக்காலத்தில் அதனை இருக்கை என்றே பெயர்த்து வழங்குகின்றனர்.

இவற்றையெல்லாம் பிணைக்கும் இழை யாது? ஒருவர் இருக்க ஏனையோர் நின்ற காலத்திலேதான் இருக்கை பதவியின் பெயராயிற்று. இருப்பவர் பேசுவார், நிற்பவர் கேட்பார். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1930ஆம் ஆண்டையொட்டி, அரசின் உதவிப்பணம் பெறும் பாடசாலைகளிலே சாதி வேறுபாடின்றி எல்லா மாணவருக்கும் சம ஆசனம் அளிக்குமாறு இலங்கைக் கல்விப்பகுதி பணித்தது. யாழ்ப்பாணத்திலே அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. நிலத்தில் இருந்த பிள்ளை வாங்கில் அமர்வதைப் பொறாதவர், பலகையையா அஞ்சினர்? அப்பலகை குறித்த சமத்துவத்தையே அஞ்சினர். ‘சம ஆசனம், சம போசனம்’ என்னும் முழக்கம் இதனை நன்குணர்ந்து எழுந்ததாகும். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

கதிரை அயற்சொல், அதனை விலக்குக என்பாரும் உளர். நாற்காலி அழகிய தமிழ்ச்சொல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கதிரையை விலக்கின், கோட்டையும் தச்சரும் பறங்கியர் வீட்டு மொழியும் அடங்கிய ஒரு வரலாற்றேட்டையும் கிழித்தவராவோம். ஒருவரை உயர்த்தப் பிறந்த அச்சொல், இன்று கரடியனாற்றிலே எவர் வீட்டிலும் எவரையும் அமரச் செய்யும் எளிய சொல்லாயிற்று. அதன் பொருள்கள் பலவற்றுள்ளும் சிறந்தது அதுவேயாம்.