பினாங்கு வானலையும் சுங்கைப் பட்டாணிச் சாலையும்

கடாரம் என்ற அளவிலேயே நம் தமிழாசிரியர்களின் நினைவு புஜாங் பள்ளத்தாக்கிற்கும் இராசேந்திர சோழனின் கடற்படைக்கும் ஓடிவிடுகிறது. அது இயல்பே. ஆயினும் அதே கடாரத்தின் தென்பகுதியில், சுங்கைப் பட்டாணி நகரையும் அதனைச் சேர்ந்த பாக்கார் ஆராங்கையும் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களின் நடுவே, நம் பாட்டன்மார் கண்ணெதிரில் நடந்த வரலாறு ஒன்று உண்டு. அதில் வானொலிக்கும் ஓர் இடம் இருக்கிறது. அவ்வானொலியை அமைத்தது அரசு அன்று. ஆர்வலர் சிலர் ஒன்றுகூடி அமைத்தனர்.

மலாயாவிற்கு வானொலி வந்ததே ஆர்வலர் வழியாகத்தான். 1921 இல் ஜொகூர் அரசின் மின்பொறியாளர் பர்ச் என்பார் முதற்கருவியைக் கொணர்ந்து, ஜொகூரில் கம்பியில்லாத் தந்திச் சங்கம் ஒன்றையும் தோற்றுவித்தார். பினாங்கில் 1934 இல் பினாங்கு வானொலிச் சங்கத்தார் ஒலிபரப்பைத் தொடங்கினர். ஆங்கிலத்தோடு மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளிலும் அந்நிலையம் பேசியது. தோட்டத்து லயங்களில் அக்காலத்தில் வானொலிப் பெட்டி ஏது? துரையின் பங்களாவிலும், வசதியுள்ள கிராணி ஒருவரின் வீட்டிலும் இருந்தால் உண்டு. எனினும் இத்தீவின் வானில் தமிழ் ஒலித்தது ஆர்வலர் முயற்சியால் என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். அமெச்சூர் வானொலி என்பது இருவர் எதிரெதிர் உரையாடும் கலை, ஒலிபரப்போ வேறு என்று இன்று நாம் பிரித்துப் பேசுகிறோம். அந்நாளில் இவ்விரண்டிற்கும் இடையே உயர்ந்த வேலி இருந்ததில்லை.

1939 இல் போர் மூண்டதும் பிரித்தானிய அரசு தன் நாட்டு அமெச்சூர்களின் ஒலிபரப்பும் கருவிகளைப் பறித்துக்கொண்டது. ஆனால் அவர்களின் காதுகளை அது வீணாக்கவில்லை. ஏறத்தாழ 1,500 தொண்டர்கள் தத்தம் வீடுகளில் அமர்ந்து, பகைவரின் மோர்ஸ் குறிகளைச் செவிமடுத்துத் தாளில் எழுதி, பார்னெட் என்னும் ஊரின் 25 ஆம் எண் அஞ்சற்பெட்டிக்கு அனுப்பிவந்தனர்.

மலாயாவிற்குப் போர் வந்தது 1941 திசம்பர் 8 அன்று. அன்று காலையிலேயே சுங்கைப் பட்டாணி விமானத்தளத்தின் மீது சப்பானியக் குண்டுகள் வீழ்ந்தன. மறுநாள் அத்தளம் கைவிடப்பட்டது. வடக்கே ஜித்ராவில் அடைமழையில் போர்க்களத் தொலைபேசிக் கம்பிகள் நீரில் ஊறிக் கிடந்தன. படைப்பிரிவுகளுக்கு இடையே செய்தித் தொடர்பு குலைந்தது, அணியும் குலைந்தது. 11 ஆம் நாள் ஜார்ஜ் டவுன் நகரின் மீது விமானங்கள் வந்தபோது, வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடிய மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தனர். பின்னர் ஆட்சியாளர் செய்ததுதான் இன்றும் நெஞ்சைச் சுடுவது. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் இரவோடிரவாக அகற்றப்பட்டனர். 16, 17 ஆம் நாள்களில் படையினரும் அதிகாரிகளும் வெளியேறினர். ஆசிய மக்களிடம் எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஆளற்ற அந்நகரில் பொறுப்பை ஏற்றவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' என்னும் ஆங்கில நாளிதழின் ஆசிரியராக இருந்த, இலங்கையைச் சேர்ந்த மாணிக்கசோதி சரவணமுத்து அவர். பல இனத்தாரும் சேர்ந்த பணிக்குழுவிற்குத் தலைமை தாங்கிய அவர், கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரித்தானியக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடியை ஏற்றினார். அழிக்கப்படாமல் விடப்பட்டிருந்த வானொலி நிலையத்தின் வழியாக, நகரில் படையேதும் இல்லை, குண்டு வீசுவதை நிறுத்துக என்று சப்பானியருக்கு அறிவித்தார். பகைவர் அதனைச் செவியுற்றனரா என்பதற்கு உறுதி ஏது? ஆகவே யூரேசியர் ஒருவர், குதிரைப் பயிற்சியாளர், அச்செய்தியை நேரில் சொல்லக் கடல் கடந்து சுங்கைப் பட்டாணிக்குப் புறப்பட்டார். பட்டர்வொர்த்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவுள்ள அச்சாலை, பின்வாங்கிய படையும் துரத்திய படையும் கடந்துபோன சாலை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கொடியை இறக்கியது இரண்டகம் ஆகாதா என்று வினவுவோர் உண்டு. கொடிக்கு உரியோரே அதனை விட்டுவிட்டு ஓடிய பின்னர், அதன் நிழலில் நின்று சாவது யாருக்காக? இதழில் சப்பானியரைக் கண்டித்து எழுதிவந்த அவர், அவர்கள் வந்தால் தமக்கு என்ன நேரும் என்பதை அறியாதவர் அல்லர். அவ்வாறே பின்னர்ச் சிறையும் புகுந்தார். போருக்குப் பின் இலங்கை அரசின் பேராளராக மலாயாவில் பணியாற்றினார். தம் வாழ்க்கையை நூலாகவும் எழுதினார்.

19 ஆம் நாள் சப்பானியர் பினாங்கில் நுழைந்தனர். நிலையம் முழுமையாக அவர்கள் கையில் கிட்டியது. ஆர்வலர் வளர்த்த அதே வானலையில், எங்கள் குண்டுகள் எப்படி இருக்கின்றன என்று சிங்கப்பூரைப் பார்த்து எள்ளி நகையாடினர். அதன்பின் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பதே பெருங்குற்றமாயிற்று. அதனைத் துணிந்து செய்தவர்களுள் பேராக்கின் பாப்பான் சிற்றூரில் வாழ்ந்த சிபில் கார்த்திகேசுவை மறத்தலாகாது. அவர் தம் வானொலிக்கு 'ஜோசபின்' என்று பெயரிட்டு, மறைத்து வைத்துக் கேட்டுவந்தார். பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளான அவர் 1948 இல் மறைந்தார்.

1952 இல் மலாயாவின் அமெச்சூர் வானொலியாளர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். ஆழிப்பேரலை எழுந்த 2004 திசம்பர் 26 அன்று, சுங்கைப் பட்டாணியைத் தலைநகராகக் கொண்ட கோலா மூடா மாவட்டத்தின் கடற்கரையும் சிதைந்தது. கோத்தா கோலா மூடா மீனவர்களின் வீடுகளும் படகுகளும் சின்னாபின்னமாயின. அதே கடலின் மறுகரையில், அந்தமானின் போர்ட் பிளேரில், தொலைபேசிகள் ஊமையாயின. அமெச்சூர் பயணக் குழுவொன்றிற்குத் தலைமையேற்றுச் சில வாரங்களுக்கு முன்னரே அங்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்னும் தில்லிப் பெண்மணி, தம் கருவியின் வழியாகத் தீவின் நிலையைப் பெருநிலத்திற்கு உரைத்தார். உற்றாரைத் தேடியோருக்கு ஒவ்வொரு பெயராகச் செய்தி சொன்னார். அவர் குழுவினர் கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் நிறுவினர். இலங்கையிலும் சிற்றலைக் கருவிகள் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தன.

நம் நாட்டில் இக்கலையில் இறங்க விரும்புவோர் அரசின் தேர்வில் தேறி உரிமம் பெறுதல் வேண்டும். தீபகற்பத்து வானொலியாளரின் அழைப்புக்குறி, வகுப்பிற்கேற்ப 9எம்2 என்றோ 9டபிள்யூ2 என்றோ தொடங்கும்.