கம்பிக்கு ஏற்பக் கட்டிய எஞ்சின்

அமெரிக்காவில் வாழும் மகள் வீட்டிற்கு நம் ஊர் கிரைண்டரைச் சுமந்து செல்லும் தாய்மார் நம் குடியிருப்பில் பலர். அங்கே சுவரில் கிடைப்பது 120 வோல்ட். நம் இயந்திரம் கேட்பதோ 230 வோல்ட். இடையில் ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டியை வைத்துவிட்டால் இட்டலிக்கு மாவு அரைபட்டுவிடும். ஆயின் இம்மருந்து மாறுமின்சாரமாகிய ஏ.சி.க்கு மட்டுமே பலிக்கும். கம்பியில் ஓடுவது நேர்மின்சாரமாகிய டி.சி. என்றால் அப்பெட்டி வெறும் இரும்புச் சுமையே. நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் மும்பை இருப்புப்பாதை, தொண்ணூறு ஆண்டுக் காலம் அத்தகைய வீடாகவே இருந்தது. அவ்வீட்டிற்கு வந்துசேர்ந்த எஞ்சின்கள் பட்ட பாட்டை இம்மலரில் சற்றே எழுத விழைகின்றோம்.

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா முனையத்திலிருந்து துறைமுகப் பாதை வழியே குர்லாவுக்கு ஓடிற்று. 1928-இல் கொலாபாவுக்கும் போரிவலிக்கும் இடையே மின்வண்டி வந்தது. 1930 முடிவதற்குள் மின்கம்பி மலையேறிப் புனேயையும் இகத்புரியையும் தொட்டுவிட்டது. யாவும் 1500 வோல்ட் டி.சி. அன்றைய பொறியாளரைக் குறை கூறல் தகாது. புறப்படும்போதே மிகுந்த இழுவை தரும் டி.சி. மோட்டாரே ரயிலுக்கு உகந்தது, ஏ.சி.யைப் பெற்று வண்டிக்குள்ளேயே டி.சி.யாக மாற்றும் நம்பகமான சிறு சாதனம் அக்காலத்தில் இல்லை.

காலம் மாறிற்று. 1957-ஆம் ஆண்டில் நம் ரயில்வே, இனிப் போடும் மின்பாதைகளுக்கு 25,000 வோல்ட் ஏ.சி.யே என முடிவு செய்தது. காரணம் பள்ளிக் கணக்கேயாகும். 3000 கிலோவாட் வேலை செய்யும் எஞ்சினுக்கு 1500 வோல்ட் கம்பியில் 2000 ஆம்பியர் ஓட்டம் வேண்டும். 25,000 வோல்ட்டில் ஏறத்தாழ 120 ஆம்பியரே போதும். அழுத்தம் குறையக் குறையக் கம்பி தடிக்கும். துணைமின்நிலையங்களும் நெருங்கி நிற்க வேண்டிவரும். 1931 முதல் 1500 வோல்ட்டில் ஓடிய நம் சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதை 1960-களிலேயே புதிய முறைக்கு மாறிக்கொண்டது. அது சிறு குடும்பம். மும்பையோ இலட்சக்கணக்கானோர் நாள்தோறும் ஏறும் கூட்டுக்குடும்பம். ஒரு நாள் அடுப்பை அணைத்தாலும் ஊர் பட்டினி.

ஆகவே புதுக் கம்பி மும்பையின் வாயிலில் வந்து நின்றது. மேற்கே விரார், வடகிழக்கே இகத்புரி. ஒன்று, அங்கே எஞ்சினை மாற்ற வேண்டும். அன்றேல் இரண்டு மின்சாரத்தையும் உண்ணும் எஞ்சின் வேண்டும். அவ்வாறு 1970-களில் சித்தரஞ்சனில் பிறந்ததே டபிள்யூ.சி.ஏ.எம்.-1 எனும் எஞ்சின். ஏ.சி.க் கம்பியின் கீழ் அதன் டிரான்ஸ்பார்மர் 25,000 வோல்ட்டை மோட்டாருக்கு ஏற்பத் தணித்துக் கொடுக்கும். டி.சி.க் கம்பியின் கீழோ டிரான்ஸ்பார்மருக்கு வேலையில்லை. மோட்டார் ஒவ்வொன்றும் 750 வோல்ட்டுக்குச் செய்தது. 1500 வோல்ட்டை நேரே கொடுத்தல் ஆகாது. எனவே மோட்டார்களைத் தொடராகக் கோத்து, அழுத்தத்தைப் பங்கிட்டு, இடையில் மின்தடைகளைச் செருகிப் புறப்படுவர். வேகம் கூடக்கூட மின்தடைகளை விலக்கிக் கோப்பை மாற்றுவர். அதுவரை மின்தடைகளில் வெந்து வீணாகும் மின்சாரம் காற்றோடு போம். ஏ.சி.யில் 3640 குதிரைத்திறன் காட்டிய அதே எஞ்சின், டி.சி.யில் 2930 தான் காட்டிற்று. விராருக்கும் வைதர்ணாவுக்கும் இடையில் மின்சாரமற்ற சிறு துண்டுக் கம்பி இருந்தது. அங்கே ஓட்டுநர் மின்தொடர்பைத் துண்டித்து, வண்டியை அதன் வேகத்திலேயே உருளவிட்டு, அப்பால் சென்று மறு மின்சாரத்தைப் பற்றுவார். பயணிகள் பெரும்பாலும் அதனை அறியார்.

(பழைய பெட்டிகளின் மின்விசிறி 110 வோல்ட் டி.சி. ஆதலால், கழற்றிச் சென்றவன் வீட்டில் அது சுழலாது, கருகும். இந்த வோல்ட் வேற்றுமையால் ரயில்வேக்கு வந்த ஆதாயம் அது ஒன்றே போலும்!)

இறுதியில், எஞ்சினை வளைப்பதை விடுத்துக் கம்பியையே மாற்றத் துணிந்தனர். மாற்றம் முடியுமட்டும் புறநகர் வண்டிகளும் இருமின்சாரம் உண்பனவாகவே வந்தன. மேற்கு ரயில்வேயில் 2012-லும், மத்திய ரயில்வேயின் முதன்மைப் பாதையில் 2015 ஜூனிலும் பணி நிறைவுற்றது. வேலை கம்பியோடு நின்றதில்லை. 25,000 வோல்ட்டுக்கும் பாலத்தின் அடிப்புறத்திற்கும் இடையே முன்னிலும் அதிக வெளி வேண்டும். சில இடங்களில் தண்டவாளத்தைத் தாழ்த்தினர். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு அருகிலிருந்த பழைய ஹான்காக் பாலம் 2016 ஜனவரியில் இடிக்கப்பட்டது. புதியது திறக்க 2022 ஆயிற்று. இடைக்காலத்தில் அப்பகுதி மக்கள் தண்டவாளத்தைக் கடந்தே போய்வந்தனர். அதில் உயிர் நீத்தாரும் உண்டு. கம்பியை மாற்றுமுன் நடைபாலம் ஒன்றைக் கட்டியிருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

கூரைமேல் பயணம் செய்யும் இளைஞர்க்கும் ஆபத்து பெருகிற்று. பழைய கம்பியும் தொட்டால் கொல்லும்; புதியதோ தொடாமலே, அருகில் சென்றாலே பாயும். நம் பிள்ளைகளுக்கு இதனை வீட்டிலேயே சொல்லிவைத்தல் நலம்.

துறைமுகப் பாதையே கடைசியாக மாறியது. 2016 ஏப்ரல் 9-ஆம் நாள் இரவு, மும்பையின் கடைசி டி.சி. வண்டி ஓடிற்று, குர்லாவிலிருந்து, 1925-இல் முதல் வண்டி புறப்பட்ட அதே முனையத்திற்கு.