மாடித் தொட்டியும் பிலடெல்பியா காய்ச்சலும்

வாரத்துக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வந்த நாட்களில் திருப்பூர்க்காரர்களுக்குப் படிந்த பழக்கம்: தரைக்கடியில் ஒரு தொட்டி, மாடியில் ஒரு தொட்டி. மூன்றாம் குடிநீர்த் திட்டம் வந்தபின்பும் காதர்பேட்டையில் அது மாறவில்லை. தேங்கிய நீர் என்றால் நமக்கு டெங்கு நினைவுக்கு வரும். இன்னொன்றும் உண்டு.

1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்ட் ஓட்டலில் 'அமெரிக்கன் லீஜன்' என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாடு நடந்தது. ஊர் திரும்பியவர்கள் ஒவ்வொருவராக நிமோனியாவில் விழுந்தார்கள். ஓட்டல் வாசலில் தெருவில் போனவர்களையும் சேர்த்து 34 பேர் இறந்தார்கள். விஷவாயு என்றார்கள், உலோக நஞ்சு என்றார்கள். வியாபாரம் படுத்து, நவம்பரில் ஓட்டலையே மூடினார்கள்.

மூடிய கோப்பை மறுபடி பிரிக்க எந்த அலுவலகத்திலும் மனம் வராது. ஜோசப் மெக்டேட் என்ற விஞ்ஞானி பிரித்தார். டிசம்பர் கடைசியில் பழைய கண்ணாடித் தகடுகளைத் திரும்ப ஆராய்ந்தார். 1977 ஜனவரியில் கிருமி பிடிபட்டது. சங்கத்தின் பெயரால் அது 'லீஜனெல்லா' ஆயிற்று. 1965-இல் வாஷிங்டன் மருத்துவமனை ஒன்றில் பரவிய மர்மக் காய்ச்சலுக்கும் இதுவே காரணம் என்று, பாதுகாத்து வைத்திருந்த இரத்த மாதிரிகள் காட்டின.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இந்நோய் 'லெழியோனெல்லோஸ்'. 2003-04 குளிர்காலத்தில் வட பிரான்சின் ஆர்ன் என்ற ஊரில், ஆலையொன்றின் குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து இது பரவி 86 பேரைத் தாக்கியது; 18 பேர் இறந்தார்கள். கோபுரத்தைக் கழுவ வேகமாக நீர் பீய்ச்சியபோது பறந்த திவலைகளே நோயை இரண்டாம் முறை பரப்பின என்று கருதப்பட்டது.

இக்கிருமி 20 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பான, பாசி படிந்த நீரில் பெருகும். 60 டிகிரியில் மடியும். நம் சித்திரை வெயிலில் மாடித் தொட்டி எவ்வளவு சுடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் குடிப்பதால் அல்ல, நுண்திவலையைச் சுவாசிப்பதால்தான் வரும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

எனவே தொட்டியை மூடிவையுங்கள். பாசி படியவிடாமல் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். கழுவுபவர் முகக்கவசம் அணியட்டும். வெளியூரில் பல நாள் தங்கித் திரும்பினால், ஷவரைத் திறந்துவிட்டுச் சில நிமிடம் குளியலறைக்கு வெளியே நில்லுங்கள். நிமோனியா வந்தால் எங்கெங்கே தங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பென்சிலின் இந்தக் கிருமியிடம் பலிக்காது. வேறு மருந்து உண்டு, தாமதமின்றிக் கொடுத்தால் பிழைக்கலாம்.