நாஞ்சில் நாட்டு நெல்வயலும் பயிர்க்காப்பும்: பூ முறையிலிருந்து பூச்சிக்கொல்லி வரை

முன்னுரை

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கியது நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணையும்வரை இது திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கியது. மரபுவழிப் பயிர்க்காப்பைப் பேசுவோர் வேப்பிலை, சாம்பல் முதலியவற்றைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுவது வழக்கம். ஆயின், இப்பகுதியில் பொருள்களைக் காட்டிலும் பயிர்க்காலமே முதன்மையான காப்பாக அமைந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இரு பூக்கள்

நாஞ்சில் நாட்டின் நெற்பருவங்கள் கன்னிப்பூ, கும்பப்பூ என வழங்கும். கொல்லம் ஆண்டின் கன்னி (புரட்டாசி), கும்பம் (மாசி) மாதங்களை ஒட்டி அறுவடை நிகழ்வதால் இப்பெயர்கள் அமைந்தன. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர், கால்வாய்கள் வழியே குளங்களை நிறைத்து வயல்களை அடைந்தது. ஒரு குளத்து நீரை நம்பிய உழவர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடவு செய்து, ஒரே காலத்தில் அறுவடை செய்ய வேண்டியிருந்தது.

இந்த ஒழுங்கு பூச்சிகளின் உணவுத் தொடர்ச்சியை அறுத்தது. தண்டுத் துளைப்பானின் புழு இளம்பயிரில் குருத்தைக் காயச் செய்யும். கதிர்ப் பருவத்தில் வெண்கதிரை உண்டாக்கும். அறுவடைக்குப்பின் தாளடியில் தங்கி அடுத்த பயிருக்குக் காத்திருக்கும். தாளை மடக்கி உழுது நீர் கட்டுதலும், மாசி அறுவடைக்குப்பின் கோடை உழவு செய்தலும் அப்புழுவை அழித்தன. நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளுதல், இலைநுனியில் இடப்பட்ட முட்டைக் குவியல்களை அகற்றியது.

உழவர் இட்ட பெயர்களிலும் நுட்பமான கவனிப்பு புலப்படுகிறது. யானைத் தந்தம் போன்ற குழல் தோன்றுவதால் ஆனைக்கொம்பன். புகை படிந்ததுபோல் பயிர் வட்டவட்டமாகக் கருகுவதால் புகையான்.

எலியும் பத்தாயமும்

வயலெலியின் இனப்பெருக்கம் கதிர் முற்றும் காலத்தோடு இயைந்தது. வயல்கள் ஒருங்கே விளைந்தால் அக்காலம் சில வாரங்களில் முடிந்துவிடும்; முன்பின்னாக விளைந்தால் நீளும். எனவே, ஒருவர் தம் வயலில் மட்டும் எலி பிடிப்பதால் பயன் மிகக் குறைவு. பருவந்தோறும் வரப்பைச் செதுக்கி வளைகளைச் சிதைத்தலும், கிட்டி வைத்தலும் அண்டை வயல்களிலும் நிகழ்ந்தாலே பலன் தந்தன. கூகையும் பாம்பும் இதற்குத் துணைநின்றன. வீட்டில், தரையினின்று உயர்த்தி அமைந்த மரப் பத்தாயம் நெல்லை எலியினின்று காத்தது. நொச்சி, வேம்பு இலைகள் வண்டுகளை விலக்கின.

நஞ்சின் வரவு

1958-இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அத்துயரத்தின் தொடர்ச்சியாகவே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. அதே பத்தாண்டில், 1966-இல், ஐ.ஆர்.8 வெளியானது. குறுகிய கால உயர்விளைச்சல் இரகங்களும் மிகுதியான தழைச்சத்து உரமும் விளைச்சலைப் பெருக்கின. கூடவே புகையானுக்கும் ஏற்ற சூழலை உருவாக்கின. அண்மையிலுள்ள குட்டநாட்டில் 1973-74-இல் புகையான் பேரழிவை ஏற்படுத்தியது. பூச்சிக்கொல்லி சிலந்திகளையும் பிற இயற்கை எதிரிகளையும் கொன்றுவிடுவதால், தெளித்தபின் புகையான் முன்னிலும் பெருகக்கூடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. இதனை உணர்ந்த இந்தோனேசியா, 1986-இல் நெல்லுக்குத் தெளிக்கப்பட்ட 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது. இந்தியாவில் எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை விதித்தது.

முடிவுரை

நாஞ்சில் நாட்டின் பழைய காப்பு, தனி உழவரின் கைத்திறன் மட்டுமன்று. நீர்ப்பகிர்வு உருவாக்கிய கூட்டு ஒழுங்காகும். அவ்வொழுங்கு நிலைக்கத் தொடர்ந்த வயற்பரப்பு வேண்டும். வயல்கள் தென்னந்தோப்பாகவும் வாழைத்தோட்டமாகவும் மனையிடமாகவும் மாறி, எஞ்சிய நெல் துண்டுதுண்டாகச் சிதறும்போது, ஒருங்கு நடவு செய்தற்குரிய அண்டை வயலே இல்லாமற் போகிறது. அந்நிலையில் தனித்து நிற்கும் உழவருக்கு நஞ்சு ஒன்றே எளிதில் கிட்டும் வழியாகிறது. திருப்பதிசாரம் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய டி.பி.எஸ். நெல் இரகங்கள் இம்மண்ணுக்கு ஏற்றவை. எனினும் இரகம் மட்டும் இழந்த ஒழுங்கை மீட்டுத் தராது. குளத்து நீரை நம்பிய உழவர்கள் நடவு நாளையும் எலி ஒழிப்பையும் கூடி முடிவுசெய்வதே மரபிலிருந்து இன்று பெறத்தக்க பாடமாகும்.