எடை குறைந்தால் இருதயம் தப்புமா?

இரண்டாம் வகை நீரிழிவு என்றதும் எங்கள் வீடுகளில் சீனியின் அளவைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் இந்த நோயாளரின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது இருதய, இரத்தக்குழாய் நோய்கள். நீரிழிவையும் அவற்றையும் இணைக்கும் காரணங்களில் ஒன்று அழற்சி.

காயம் பட்ட இடம் சிவந்து வீங்குகிறதே, அதே எதிர்ப்பு வேலைதான். இங்கே அது வலியின்றி, வருடக்கணக்கில் நடக்கிறது. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்புக் கலங்கள் பருத்ததும் அங்கே வெண்குருதிக் கலங்கள் குவிகின்றன. அவை வெளிவிடும் இரசாயனங்கள் இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். இரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு வெடிக்கவும் வழிசெய்யும். அப்போது ஈரல் சுரக்கும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை இரத்தப் பரிசோதனையில் அளக்கலாம். (காய்ச்சல் வந்தாலும் அது ஏறும். ஒரு முடிவை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

எடை குறைந்தால் இந்த அழற்சி தணியும். இருதயம் தப்புமா என்பதற்குத்தான் பதில் நேராக இல்லை. அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய 'லுக் அஹெட்' ஆய்வில் எடை கூடிய 5,145 நீரிழிவு நோயாளர் சேர்ந்தார்கள். உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் தீவிரமாகப் பின்பற்றிய குழு முதல் ஆண்டில் சராசரியாக 8.6 வீதம் எடை இழந்தது, சி.ஆர்.பி.யும் நன்றாக இறங்கியது. இருந்தும் மாரடைப்பும் பக்கவாதமும் மற்றக் குழுவைவிடக் குறையவில்லை. 2012இல் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். இழந்த எடையில் ஒரு பகுதி திரும்பியிருந்தது; மற்றக் குழுவினர் கொலஸ்ட்ரோல் மருந்தைக் கூடுதலாக எடுத்திருந்தார்கள். பின்னர் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, முதல் ஆண்டில் 10 வீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவாக இருந்தது. முழு நிரூபணம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் "இரண்டு கிலோ குறைந்துவிட்டது, இனி மருந்து வேண்டாம்" என்பவர்களுக்கு இந்த ஆய்வில் ஆதரவு இல்லை.

எங்களுக்கு அளவுகோலும் வேறு. ஐரோப்பியருக்கு வகுத்த பி.எம்.ஐ. எல்லை 25, தென்னாசியருக்கு 23இலேயே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது. மெலிந்தவராகத் தெரிந்தாலும் வயிற்றுச் சுற்றளவைப் பாருங்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80.

80 கிலோ உள்ளவருக்கு 10 வீதம் என்றால் 8 கிலோ. இரவுப் பிட்டையும் இடியப்பத்தையும் பாதியாக்கித் தொடங்கலாம். ஆனால் இன்சுலினோ கிளிக்லசைட் குளிசையோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன்பே வைத்தியரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய அளவிலேயே தொடர்ந்தால் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரலாம்.