ஊவாத் தோட்டங்களில் பிள்ளைகளின் கல்யாண உடுப்பு

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்திலும், அதே மாவட்டத்தின் அப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேலும் அமைந்திருப்பதால், ஒரே நாளில் ஒரு தோட்டத்தில் வியர்வையும் இன்னொரு தோட்டத்தில் நடுக்கமும் காணப்படுவது ஊவாவின் இயல்பு. தை மாதக் கல்யாணங்கள் வடகீழ்ப் பருவமழையின் ஈரம் இன்னும் வடியாத குளிரில் நடைபெறுகின்றன. ஆவணிக் கல்யாணங்களோ, மலைச்சரிவில் புழுதியை வாரி வீசும் வறண்ட கச்சான் காற்றின் பிற்பகுதியில் வருகின்றன. இத்தகைய இடத்தில் கல்யாணத்துக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு என்ன உடுத்துவது என்ற கேள்விக்கு அழகு மட்டும் விடை சொல்லவில்லை. குளிரும் கடனும் பிள்ளையின் வளர்ச்சியும் சேர்ந்தே அந்த உடுப்பைத் தீர்மானித்தன. அவற்றுக்கிடையே பிள்ளையின் உடலுக்கு இதமான ஒன்றை உருவாக்கிய திறமை, தோட்டத்துத் தாய்மாருக்கும் தையற்காரருக்கும் உரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவின் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்த பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்கள், வெப்பநிலத்து மெல்லிய பருத்தித் துணியையே தம் மூட்டையில் கொண்டுவந்தனர். மலைக் குளிருக்கு அவர்களுக்குக் கிடைத்தது கறுப்புக் கம்பளி. அதுவும் தோட்டத்தில் கொடுக்கப்பட்டு, பின்னர் சம்பளக் கணக்கில் கழிக்கப்பட்டது. மழையில் தலைக்கு மேலும் இரவில் உடலுக்கு மேலும் போர்த்தப்பட்ட அந்தக் கம்பளிக்குள்ளேயே குழந்தைகளும் சுருண்டனர். கல்யாணம் வந்தால் புதுத்துணி எடுப்பதற்குக் கைக்காசு இராது. ஆட்களைத் திரட்டி வந்து அவர்களுக்குத் தலைவனாக நின்ற பெரிய கங்காணியின் முன்பணமே வழி. ஒரு தொழிலாளியோ ஒரு கூட்டமோ பட்டிருந்த கடனைக் குறித்து, அக்கடனைத் தீர்ப்பவரிடம் ஆட்களை அனுப்பச் சம்மதிக்கும் சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. அம்முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை, ஒரு கல்யாணத்துக்கு எடுத்த துணியின் விலையும் அந்தக் கடனுக்குள் கலந்து ஒரு குடும்பத்தைத் தோட்டத்தோடு கட்டிவைக்க முடிந்தது. ஆகவே பிள்ளைக்கு எடுக்கும் இரண்டு முழத் துணிகூடக் கணக்குப் பார்த்து எடுக்கவேண்டிய பொருளாயிற்று.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ், 1929இல் மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளுக்கு நாட்கூலியாக ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. பிள்ளைக்கெனத் தனிக் கூலி வகுக்கப்பட்டதே, பிள்ளையும் வேலையாளாக எண்ணப்பட்ட காலம் அது என்பதைக் காட்டும்; ‘பேர்’ என்று தோட்டத்தார் சொல்லும் நாள் வேலைப் பதிவில் சிறுவர் சிறுமியரும் அடங்கினர். கொழுந்து எடுத்தும் புல் வெட்டியும் உழைத்த அப்பிள்ளைகளுக்குத் தீபாவளியும் கோயில் திருவிழாவும் கல்யாணமுமே புது உடுப்புக் காணும் நாட்கள் என்பதை மனத்தில் இருத்தினால்தான், அந்த உடுப்புக்குக் கொடுக்கப்பட்ட கவனம் விளங்கும்.

மலையகப் புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் எட்டியபோது, கொழும்பிலிருந்து வரும் துணி மலிந்தது. நகரத்துப் புடவைக் கடைகள் பெருகின. எனினும் பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் டிவிசன் எனப்படும் தொலைவான தோட்டப் பிரிவுகளுக்குத் துணியைக் கொண்டுபோனவர், மூட்டையைத் தோளில் சுமந்து, லயம் எனப்படும் தொடர்வீடுகள்தோறும் ஏறிய பொட்டணி வியாபாரிகள். சம்பள நாளை அறிந்து வந்து, இஸ்தோப்பு எனப்படும் முன்திண்ணையில் மூட்டையை அவிழ்த்து, தவணைக்கும் துணி கொடுத்த அவர்களிடம் பிள்ளைகளுக்கென்று பெரும்பாலும் எடுக்கப்பட்டது பூப்போட்ட பருத்தித் துணியான சீத்தை. அது மலிவானது, துவைக்கத் துவைக்க மென்மையாவது, கல்யாணம் முடிந்த பின்னும் பல மாதம் உடுத்தக்கூடியது. பட்டு எடுக்க முடியாமையால் சீத்தை எடுத்தனர் என்பது உண்மையே. ஆனால் பிள்ளையின் தோலுக்கு அதுவே நல்லதாகவும் அமைந்தது.

உடுப்பின் இதம் துணியைவிடத் தையலிலேயே மிகுதியும் தங்கியிருந்தது. சிங்கர் நிறுவனம் 1877இலேயே இலங்கையில் விற்பனையைத் தொடங்கியிருந்தமையால், கையால் சுற்றும் தையல் இயந்திரம் காலப்போக்கில் நகரங்களையும் தோட்டக் கடைத்தெருக்களையும் சென்றடைந்தது. சிறுமியின் பாவாடையை இடுப்பில் நாடாவால் இறுக்கிக் கட்டினால், பந்தியில் உட்கார்ந்து உண்டபின் வயிற்றில் சிவந்த தடம் விழும். தளர்த்திக் கட்டினால் ஓடும்போது அவிழும். இதற்குத் தீர்வாக அமைந்தது பாடி பாவாடை. கையில்லாத மெல்லிய மேற்சட்டையின் கீழ்விளிம்போடு பாவாடையை இணைத்துத் தைப்பதால், அதன் பாரம் முழுவதும் தோளில் தொங்கும். இடுப்பு விடுதலை பெறும். இந்த எளிய அமைப்பைப் பிள்ளைகளின் உடுப்பு வரலாற்றில் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகக் கருதுவது மிகையாகாது. பாவாடையின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று மடிப்புகளை வைத்துத் தைப்பதும் வழக்கம். ‘டக்கு’ எனப்படும் அம்மடிப்புகளைப் பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால், ஒரே பாவாடை சில ஆண்டுகளுக்கு நீளும். பிரித்த இடத்தில் வெயில் படாத துணி கோடாக அடர்நிறத்தில் தெரியும். அக்கோடுகளை எண்ணினால் எத்தனை முறை பாவாடை நீண்டது என்று சொல்லிவிடலாம். சட்டையின் கக்கத்திலும் பக்கத் தையலிலும் உள்ளே கூடுதல் துணி விடுவதும், சரிகையின் உட்புறம் உறுத்தாமலிருக்க மல் துணியை உட்பக்கமாக வைப்பதும் அதே அக்கறையின் பகுதிகள்.

பிள்ளை உடுத்திய கல்யாண உடுப்பு எப்போதும் விருந்தினரின் உடுப்பாகவே இருக்கவில்லை; சிலபோது மணமகளின் உடுப்பாகவும் இருந்தது. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம், ஐரோப்பிய, பறங்கிய பெற்றோரின் மகளுக்குத் திருமண வயதை 14 என்றும் ஏனைய சிறுமியருக்கு 12 என்றும் வகுத்தது; அச்சட்டத்தின் கீழ் மணம்புரியும் அனைவருக்கும் 18 என்பது 1995இல்தான் சட்டமாயிற்று. இனத்துக்கு ஒரு வயது வகுத்த அந்த வேறுபாடு கொடியது. மணச்சேலையின் பாரத்தைச் சிறுமி ஒருத்தி சுமக்க நேர்ந்த இடத்தில், எந்தத் தையற் திறனும் இதம் தந்திருக்க முடியாது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தட்டுப்பாடும், 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாடும் புதுத்துணியை அரிதாக்கின. 1973–75 காலப் பஞ்சத்தில் தோட்ட மக்கள் உணவுக்கே தவித்தபோது, அக்காளின் பாவாடை தங்கைக்கும், காம்பரா எனப்படும் அடுத்த லயத்து அறையின் பிள்ளைக்கும் கைமாறியது. இதற்கிடையில் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்து குடும்பங்களை இரு நாடுகளாகப் பிரித்தது. மருமக்களுக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் உரிமையும் கடமையும் உடைய தாய்மாமன் ஒரு கரையிலும், அந்தப் பிள்ளைகள் மறுகரையிலும் ஆயினர். சீர் என்னும் உறவுக்கடனில் விழுந்த இந்த விரிசலை எந்தக் கணக்கேடும் பதிவதில்லை.

1977க்குப் பின் இறக்குமதி தளர்ந்ததும் நைலோனும் பொலியெஸ்டரும் சாட்டின் கவுன்களும் பதுளைக் கடைகளில் குவிந்தன. கிறிஸ்தவத் திருமணங்களில் மலர் தூவும் சிறுமியருக்குரிய வெள்ளைக் கவுனின் சாயல் இந்துக் கல்யாணங்களிலும் பரவியது. மினுமினுப்பும் கசங்காமையும் இத்துணிகளின் வெற்றி. வியர்வையை உறிஞ்சாமையும் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டுவதும் அவற்றின் ஆபத்து. குத்துவிளக்கும் கற்பூரத் தட்டும் விறகடுப்பும் உள்ள கல்யாண வீட்டில் பிள்ளைகளை இவ்வகை உடுப்போடு ஓடவிடுவது அஞ்சத்தக்கது. குளிருக்கோ அவை சற்றும் பயன்படா. அதனால் பட்டுப்பாவாடையோ சாட்டின் கவுனோ எதுவாயினும், விடியற்கால முகூர்த்தத்துக்குச் செல்லும் பிள்ளையின் மேல் கம்பளி நூல் சுவெட்டர் ஏறும். படம் எடுக்கும் வேளையில் மட்டும் அதைக் கழற்றிவிட்டு மீண்டும் மாட்டுவர். கம்பளி தோலில் நேரே படாமல் உள்ளே பருத்திச் சட்டை ஒன்றை அணிவிப்பதே மலைநாட்டுத் தாய்மாரின் முறை.

அண்மைக் காலத்தில் கொழும்பின் ஆடைத் தொழிற்சாலைகளிலும் புடவைக் கடைகளிலும் வேலைசெய்யும் தோட்டத்து இளம்பெண்களும் இளைஞர்களுமே தம்பி தங்கையரின் கல்யாண உடுப்பை ஆயத்தமாகத் தைத்த நிலையில் வாங்கி வருகின்றனர். சிறுவருக்கு இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டியும் வந்துவிட்டது. தோட்ட நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தபோதிலும், 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஏறிய விலைவாசிக்கு முன் பிள்ளையின் பட்டுப்பாவாடை பல நாள் உழைப்பைக் கோரும் பொருளாகவே நிற்கிறது. எனவே ஆயத்த உடுப்பை ஒரு அளவு பெரிதாக வாங்கி, உள்ளூர்த் தையற்காரரிடம் கொடுத்து உட்பக்கம் பருத்தித் துணி வைத்து, தோளிலும் கீழ்விளிம்பிலும் மடித்துத் தைத்து, அடுத்த ஆவணிக்கும் அதற்கடுத்த தைக்கும் அதையே உடுத்தும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.